ஊசி மேல் பழி

தமிழ்நாட்டில் இடுப்பு வலிக்கு ஒரு பொதுக்காரணம் இருக்கிறது. "சிசேரியன்ல முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அன்னையிலேர்ந்துதான்." ரேஷன் கடை வரிசையில் கேட்கலாம், கல்யாணப் பந்தியில் கேட்கலாம், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் கேட்கலாம். சொல்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஊசி போட்டது இருபத்தைந்தில். கேட்பவர் தலையாட்டி, "எனக்கும் அதேதான்க்கா" என்பார். அத்தோடு விசாரணை முடிந்தது. குற்றவாளி பிடிபட்டாயிற்று.

இந்தப் பேச்சுக்கு ஆள்பலம் அதிகம். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்று வந்தது. சிசேரியன் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில்தான் ஊசி. அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழே, இரண்டு எலும்புகளின் இடைவெளியில் நுழைந்து, வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறது. குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கும். சிலருக்குத் தலைவலி வரும். இருபத்தைந்து வருடம் நீடிக்கிற வலிக்கு அது காரணமா? 2002இல் இங்கிலாந்திலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. முதல் பிரசவத்துக்கு வந்த 369 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடியூரல் ஊசி. இது நம் சிசேரியன் ஊசியைவிடத் தடித்தது. மற்றப் பிரிவுக்கு வேறு வழிகள். இரண்டு வருடத்துக்கு மேல் கழித்துப் பார்த்தபோது முதுகு வலியில் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

உண்மையில் ஆய்வே தேவையில்லை. சுகப்பிரசவம் ஆன அண்ணியைக் கேளுங்கள். அவருக்கும் இடுப்பு வலிக்கிறது. பிள்ளையே பெறாத சின்னம்மாவுக்கும் வலிக்கிறது. ஊசியைக் குற்றம் சொல்பவர்கள் இவர்களைக் கேட்பதில்லை, ஏனென்றால் கேட்டால் ஊசி தப்பித்துவிடும்.

ஊசியில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அது ஆஸ்பத்திரியில் நடந்தது, வீட்டில் நடக்கவில்லை. போட்டவர் முன்பின் தெரியாத மயக்க டாக்டர். அவர் மேல் பழியைப் போட்டுவிட்டால் வீட்டில் யாரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. அந்த ஊசி போட்டுக்கொண்ட வாரத்திலிருந்து அந்தப் பெண் எத்தனை இரவு தொடர்ச்சியாகத் தூங்கினார், அறுவைக் காயம் ஆறுமுன்னே குடத்தைத் தூக்கினாரா, பத்துக் கிலோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அடுப்படியில் நின்றார், கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவியது யார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பெருக்கியது யார், இந்தக் கணக்கெல்லாம் எழாது. (நம் வீடுகளில் சமையல் மேடையின் உயரம் எத்தனை அடி என்பதைப் பெரும்பாலும் கொத்தனாரும் வீட்டு ஆண்களும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். அந்த மேடையில் ஒரு நாளும் சமைக்கப்போகாதவர்கள்.) 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்வது: வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடம், வீட்டு வேலை செய்கிற ஆண் செலவிடுவது 88 நிமிடம். இந்த 88 நிமிடம் வேலையில் கைவைக்கிற ஆண்களின் சராசரி. கைவைக்காதவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

இங்கே நானும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வீட்டு வேலைதான் முதுகு வலிக்கு ஒரே காரணம் என்று எழுதினால், ஊசிக்குப் பதில் இன்னொரு ஊசியைக் கண்டுபிடித்தது போலாகும். நாள்பட்ட முதுகு வலி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இதுதான் என்று ஒற்றை இடத்தைத் தொட்டுக் காட்ட முடியாது. தூக்கமின்மை, மனச்சோர்வு, வேலையில் தனக்குப் பிடி இல்லாத நிலை, எடை, புகை, பழைய அடி, உடலசைவே இல்லாத வாழ்க்கை, ஓயாத உடலுழைப்பு எல்லாம் கூடிக் குழம்பித்தான் மூன்று நாள் வலி மூன்று வருட வலியாகிறது. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக மதிப்பிட்டார்கள். இத்தனை பேருக்கும் ஒரே வில்லன் இருக்க முடியாது. ஆனால் எந்தக் காரணத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் நம் குணம் தெரிகிறது. நமக்குச் செலவு வைக்காத காரணத்தை நம்புகிறோம்.

முற்பிறவி வினை என்று சொன்ன காலம் இருந்தது. அதைப் பகுத்தறிவு பேசும் நாம் கேலி செய்து ஒழித்துவிட்டோம், குறைந்தபட்சம் மேடையில். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கக் கற்றுக்கொண்டோம். ஆதாரம் கேட்பது நல்ல பழக்கம். யாரிடம் கேட்கிறோம் என்பதுதான் எனக்குப் பிரச்சினை. வலிக்கிறது என்று சொல்லும் மனைவியிடம், மருமகளிடம், கடைப் பெண்ணிடம், கூலிக்காரரிடம் "ஸ்கேன்ல என்ன வந்துச்சு?" என்கிறோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் முகம் மாறுகிறது. "ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரே" என்ற வாக்கியத்துக்குள் "நடிக்கிறா" என்ற தீர்ப்பு இருக்கிறது. அதே நாளில் ஐயாயிரம் ரூபாய்க்குக் காந்த மெத்தை விற்க வந்தவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டோமா? வலிப்பவர் தன் வலிக்குச் சாட்சி கொண்டுவர வேண்டும். வைத்தியம் விற்பவர் சிரித்த முகத்தோடு வந்தால் போதும்.

ஸ்கேனையே எடுத்துக்கொள்வோம். ஜாதகத்தைக் கிழித்துப் போட்ட வீடுகளில் இன்று எம்.ஆர்.ஐ. கவர் பீரோவுக்கு மேல் பத்திரமாக இருக்கிறது. எல் நான்கு, எல் ஐந்து என்று கட்டம், "டிஸ்க் பல்ஜ்" என்று தோஷம், பெல்ட்டும் டிராக்ஷனும் பரிகாரம். "எனக்கு ரெண்டு டிஸ்க் விலகியிருக்கு, நான் இனிமே குனியவே கூடாது" என்று நாற்பது வயதில் தனக்குத் தானே ஆயுள் தண்டனை எழுதிக்கொண்டவர்கள் எத்தனை பேர். 1994இல் அமெரிக்காவில் ஒரு காரியம் செய்தார்கள். முதுகு வலியே இல்லாத 98 பேரைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஒரு டிஸ்காவது பிதுங்கியிருந்தவர்கள் 52 சதவீதம். எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பிறகு 2015இல், வலியில்லாத 3110 பேரின் படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு வந்தது. டிஸ்க் தேய்மானம் இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு. எண்பது வயதில் 96 சதவீதம் பேருக்கு. நரைத்த முடியைப் போட்டோ எடுத்துத் தலைவலிக்குக் காரணம் சொல்ல யாரும் துணியமாட்டார்கள். முதுகெலும்பில் அதைத் தினமும் செய்கிறோம்.

இப்படிச் சொன்னதும் ஸ்கேனே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில நேரம் அது உயிரைக் காப்பாற்றும். வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடைகளுக்கு நடுவே, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, படுத்தாலும் குறையாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, உயரத்திலிருந்து விழுந்தது, வயதானவர் லேசாக இடறி விழுந்தபின் வந்த வலி, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. அதைத் தைலம் தேய்த்துத் தேய்த்துத் தாமதித்தால் கால் விழுந்துவிடும். இந்த அடையாளங்கள் இருந்தும் ஸ்கேனுக்கு அனுப்பாமல் வைத்திருப்பதும், இவை எதுவும் இல்லாமல் முதல் வாரமே ஸ்கேன் எழுதுவதும் ஒரே ஊரில் நடக்கின்றன. முன்னது பெரும்பாலும் பணமில்லாதவருக்கு, பின்னது காப்பீட்டு அட்டை இருப்பவருக்கு.

ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனாலும் வலிக்கிறது. இது எப்படி என்று புரியாமல்தான் நடிப்பு என்கிறோம். 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு குறிப்பு பிரபலமானது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்து, 15 சென்டிமீட்டர் ஆணி மேல் இறங்கிவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே வந்து நிற்கிறது. லேசாக அசைத்தாலும் துடித்தார். மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆணியை எடுத்தார்கள். பூட்ஸைக் கழற்றினால், ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருந்தது. காலில் கீறல்கூட இல்லை. அவர் நடித்தார் என்று யாராவது சொல்வார்களா? அந்த வலி நிஜம். உடம்புக்கு ஆபத்து என்று நரம்பு மண்டலம் கணித்தால் வலி வரும். சேதம் இருந்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. நாள்பட்ட வலியில் இந்தக் கணிப்பு கூர்மையாகிப் போகிறது. முன்பு பொருட்படுத்தாத அசைவுக்கும் நரம்பு கூச்சலிடப் பழகிவிடுகிறது. தூக்கம் கெட்டால், பயந்தால், வீட்டில் யாரும் நம்பாவிட்டால் கூச்சல் இன்னும் ஏறும். ஆமாம், நம்பாமையும் வலியைக் கூட்டும் பொருள்களில் ஒன்று.

"அப்படின்னா எல்லாம் மனசுலதான்" என்று இந்த இடத்தில் ஒரு குரல் வரும். அது பெரும்பாலும் நம் பகுத்தறிவுத் தோழர்களின் குரலாக இருக்கும். ஆன்மா கிடையாது என்று முப்பது வருடம் மேடை போட்டுப் பேசியவர், உடம்பில் இல்லாவிட்டால் மனசில் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்? உடம்பைவிட்டுத் தனியே மிதக்கிற ஒரு மனசு எங்கே இருக்கிறது? மூளையும் சதைதான், நரம்பும் சதைதான். மூளையில் உண்டாகிற வலி உடம்பில் உண்டாகிற வலிதான். வாசல் வழியாகத் துரத்திய ஆன்மாவை, மனைவியின் இடுப்பு வலி விஷயத்தில் மட்டும் கொல்லைப்புறமாக உள்ளே விடுகிறோம்.

சரி, என்ன செய்வது. இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, அதனால்தான் விலை போவதில்லை. படுத்தே கிடக்கச் சொன்ன பழைய அறிவுரை தவறு. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் இடுப்பு வலி வந்த 186 பேரை வைத்து 1995இல் பார்த்தார்கள். இரண்டு நாள் படுக்கையில் இருந்தவர்களைவிட, முடிந்த அளவு வழக்கமான வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல அணுகுமுறைகள் முதலியவை வேண்டியவை பட்டியலில் இருக்கின்றன. இடுப்பு பெல்ட், டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, ஓபியாய்டு மாத்திரை வேண்டாத பட்டியலில். நம் ஊர் பிசியோதெரபி அறைகளில் வேண்டாத பட்டியல்தான் சாமான்களாக நிறைந்திருக்கிறது, ஏனென்றால் அவற்றுக்குத்தான் பில் போட முடியும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் போடும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2024இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு எனக்குப் பிடித்தது. சமீபத்தில் இடுப்பு வலி வந்து தேறிய 701 பேர். ஒரு பிரிவினரை பிசியோதெரபிஸ்ட் வழிகாட்ட, மெல்ல மெல்ல வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்ற அளவுக்கு நடக்க வைத்தார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர எடுத்த காலம் இடைநிலைக் கணக்கில் 208 நாள். மற்றவர்களுக்கு 112 நாள். செருப்பு ஒன்று போதும் என்று தோன்றும்.

செருப்பு மட்டும் போதாது. அரை மணி நேரம் வேண்டும். 289 நிமிடத்தில் எந்த முப்பது நிமிடத்தை எடுப்பது? "காலையில வாக்கிங் போங்கம்மா" என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிற காகிதம், காலை ஆறு மணிக்கு வீட்டில் காப்பி யார் போடுவது என்ற கேள்வி. அதைக் கேட்க டாக்டருக்கு வாய் வருவதில்லை, வீட்டுக்காரருக்குக் காது இருப்பதில்லை. வலியைச் சமாளிப்பதில் இன்னொரு பாடம், வேலையைப் பங்கு பிரித்து, வலி உச்சிக்கு ஏறுமுன் நிறுத்தி, இடையில் ஓய்வெடுத்துச் செய்வது. வலி குறைந்த நாளில் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தால் அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. ஆனால் நம் வீட்டில் வலி குறைந்த நாள் என்பது பாக்கி வசூலாகும் நாள். ஒட்டடை, போர்வை, மாவு எல்லாம் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கும்.

வீட்டுக்கு வெளியே வந்தால் நிலைமை சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்கள் உட்படக் கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018இல் செய்திருந்தது. பிரிட்டனில் 1899இலேயே கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். 122 வருடம். மனிதருக்கு உட்காரத் தோன்றும் என்பதைக் கண்டுபிடிக்க நமக்கு இவ்வளவு காலம் பிடித்தது. அதற்குள் எத்தனை முதுகுகள். சட்டம் வந்த பிறகும், வாடிக்கையாளர் வரும்போது எழுந்து நிற்கவில்லையே என்று முதலாளியை முந்திக்கொண்டு கோபித்துக்கொள்வது நாம்தான். அறுநூறு ரூபாய்ப் புடவை வாங்க வந்தவருக்கு மரியாதை என்பது எதிரே நிற்பவரின் கால் வலியில் அளக்கப்படுகிறது.

"எங்க பாட்டியெல்லாம் அம்மியில அரைச்சாங்க, குழவி பிடிச்சாங்க, இடுப்பு வலின்னு சொன்னதே இல்லை." இந்தக் கட்டுரைக்கு வரப்போகும் முதல் கடிதம் இதுவாகத்தான் இருக்கும். சொன்னதில்லை என்பது சரி. கேட்டவர் யார்? நம் கதைகளில் பாட்டி வந்தாலே கூன் விழுந்து, கோலூன்றித்தான் வருவாள். எலும்பு வலுவிழந்து முதுகெலும்பு நொறுங்கிக் குறுகியதால் பல கூன்கள் விழுகின்றன என்று இன்று தெரியும். அன்று அது பாட்டியின் இயல்பான வடிவமாகவே இருந்தது. அதற்கும் மேலே போய், கம்பராமாயணத்தில் சதி செய்கிறவளுக்குக் கூனையே பெயராக்கிக் கூனி என்றோம். சிறுவயது இராமன் அவள் முதுகில் வில்லுண்டை அடித்ததை அவள் நினைத்துக் கறுவுவதாகக் கம்பர் வைக்கிறார். அவள் மனம் கோணியதைப் பற்றி நூற்றாண்டுகளாகப் பட்டிமன்றம் நடத்துகிறோம். அந்த உண்டை வலித்ததா என்று ஒரு தலைப்பு வைத்ததாக எனக்கு நினைவில்லை.

நம் பகுத்தறிவுப் பக்கத்திலும் இந்தப் பாகுபாடு உண்டு. 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் பெரியார் பேசிய கடைசிப் பேச்சின் ஒலிப்பதிவில், 94 வயதில் குடலிறக்க வலி தாங்காமல் அவர் முனகுவது கேட்கும். முனகிவிட்டு மறுபடி பேசுவார். ஐந்தாம் நாள் இறந்துபோனார். அதைக் கேட்டுக் கண்கலங்காத தோழர் குறைவு. அவர் வலிக்கு ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டவர் யாருமில்லை, கேட்கவும் கூடாது. அந்த ஒலிப்பதிவைக் கேட்டுக் கலங்குகிற அதே வீட்டில், பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து வருகிற முனகலுக்கு டி.வி. சத்தம் கூட்டப்படுகிறது. ஒருவர் வலியோடு உழைத்தால் தியாகம், இன்னொருவர் வலியோடு உழைத்தால் அன்றாடம் என்று எந்தப் பகுத்தறிவு பிரித்துக் கொடுத்தது?

அடுத்த முறை வீட்டில் வலிக்கிறவர் டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள், வண்டி ஓட்ட மட்டும் இல்லை. ஊசி, பெல்ட், ஆபரேஷன் எது சொன்னாலும், இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும், இதனால் எத்தனை பேருக்குக் குணமாகியிருக்கிறது, செலவில்லாத வழி வேறு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். ஆதாரம் கேட்கும் நம் பழக்கத்துக்கு அதுதான் சரியான இடம். கடைசியாக, வீட்டில் இவர் செய்கிற வேலைகளில் எவற்றை நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுப் பாருங்கள். டாக்டர் சிரிக்கக்கூடும். பதிலுக்கு அவரை நம்பியிருக்க வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பட்டியல் மனப்பாடம்.